மாப்பிள்ளை விட்டுப்போன கார்

திருத்தணி
7-7-1997

மாப்பிள்ளை இளங்கோவன் அவர்களுக்கு மாமனார் பச்சையப்பன் எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் உட்கார்ந்தேன். பேனா ஓடவில்லை. நீங்கள் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள்.

உங்கள் கடிதம் வந்தது. ஒன்றரை வருஷத்தில் இதுதான் முதல் கடிதம். ஸ்போர்ட்ஸ் காரின் பின் பிரேக்கைச் சரிபண்ணி வைக்கவும், பம்பாயிலிருந்து ஆள் வந்து ஓட்டிக்கொண்டு போவார் என்று எழுதியிருந்தீர்கள். தாளைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் காலி. உங்கள் பெண்டாட்டி தமிழ்செல்வியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "பொண்ணப் பத்தி இன்னா எழுதிக்கிறாரு?" என்று உங்கள் அத்தை கேட்டாள். விசாரித்திருக்கிறார் என்று பொய் சொன்னேன்.

பிரேக் வேலை முடிந்தது. அரக்கோணத்திலிருந்து மெக்கானிக் சாமிநாதன் வீட்டுக்கே வந்தார். மாட்டுக்கொட்டகையில் ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கழற்றினால், உள்ளே பிரேக் டிரம் அசைவேனா என்கிறது. "ஹேண்ட் பிரேக்க இழுத்துட்டு யாருங்க இத்தினி நாளு நிறுத்துனது? பிரேக் ஷூ டிரம்மோட புடிச்சிகினு கெடக்குது. சக்கரத்துக்கு ஒரு கல்லு வெச்சா போதாதா?" என்று கத்தினார். போன வருஷம் பொங்கலுக்கு வந்து, காரையும் பெண்டாட்டியையும் இங்கே விட்டு, ஒரு மாசத்தில் வந்து அழைத்துப்போகிறேன் என்று ரயில் ஏறினீர்களே, அன்று சொன்னது நீங்கள்தான். ஹேண்ட் பிரேக் போட்டிருக்கிறேன், யாரும் தொடவேண்டாம் என்றீர்கள். மாப்பிள்ளை சொல்லாயிற்றே என்று ஒருவரும் கை வைக்கவில்லை.

சுத்தியலால் தட்டித் தட்டித்தான் டிரம் கழன்றது. உள்ளே பிரேக் ஆயில் கசிந்து ஷூவெல்லாம் பாழ். லைனிங்கும் ரப்பரும் வாங்க மெட்ராசுக்கு ஓடினேன். பழைய வெளிநாட்டுக் கார் என்று கடைக்குக் கடை உதட்டைப் பிதுக்கினார்கள். இந்த வயசில் எனக்கு இது தேவையா?

கடைசியில் பிரேக் குழாயில் இருக்கும் காற்றை எடுக்க, உள்ளே உட்கார்ந்து மிதிக்க ஓர் ஆள் வேண்டும் என்றார் சாமிநாதன். தமிழ்செல்வி வந்து உட்கார்ந்தாள். நீங்கள் ஒரு நாளும் அவளை உட்காரவிடாத அந்த டிரைவர் சீட்டில்தான். மிதிம்மா என்றால் மிதித்தாள், விடும்மா என்றால் விட்டாள். வேலை முடிந்ததும் ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட்டு, "கல்ல மட்டும் வெச்சிடு நைனா. அவரு ஆளு வந்தா கார எடுத்துகினு போவட்டும். என்ன இட்டுகினு போவச்சொல்லி இனிமே காயிதம் போடாத" என்றாள். அழவில்லை.

அவளுக்குத் தெரியாமல்தான் இதை எழுதுகிறேன். வாழாவெட்டி என்று கடைத்தெருவில் என் காதுபடவே பேசுகிறார்கள். உங்களைச் சபிக்க வாய் வருகிறது. பெண்ணின் புருஷனாயிற்றே என்று முழுங்கிக்கொள்கிறேன்.

ஆளை அனுப்பவேண்டாம். அனுப்பினால் சாவி தரமாட்டேன். ஆடிக் கிருத்திகைக்கு நீங்களே வாருங்கள். காவடிக் கூட்டத்தோடு கூட்டமாக வந்தாலும் சரி, யாரும் எதுவும் கேட்கமாட்டோம். வந்ததும் காரைக் கேட்டுவிடாதீர்கள் மாப்பிள்ளை. முதலில் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். அவள் திரும்பிப் பார்ப்பாளா, எனக்குத் தெரியாது. ஒரு தடவை கூப்பிடுங்கள்.

தணிகைவேலன் உங்களை நன்றாகவே வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
பச்சையப்பன்