கெட்டியான புஷ், மெத்தென்ற புஷ்

நேற்று வண்டி ஸ்பேர் கடையில், குலுக்கலைத் தாங்கும் இரண்டு ரப்பர் புஷ்களை மேசைமேல் வைத்து, எது வேண்டும் என்று கேட்டார் கடைக்காரர். புது ரப்பர் வாசனை மூக்கில் ஏறியதும் என் கட்டைவிரல் தானாகப் போய் இரண்டையும் அழுத்திப் பார்த்தது. கெட்டியானதைத் தள்ளிவிட்டு மெத்தென்று இருந்ததை எடுத்தேன். "தோல்காரராச்சே, கெட்டியாத்தான் எடுப்பீங்கன்னு நெனச்சேன்" என்று சிரித்தார். நீயும் நானும் ஒரு தடவை அப்படி எடுத்துப் பட்டபாடு அவருக்கு எப்படித் தெரியும், பாய்?

இருபது வருஷம் செவ்வாய்தோறும் நாம் அந்தப் பழைய பிக்கப்பில் ஆம்பூரிலிருந்து ராணிப்பேட்டைக்குப் போனோம். குரோம் போட்டுப் பதனிட்டு நீலமாக இருக்கும் ஈரத்தோலை ஏற்றிக்கொண்டு நம் ஷெட்டுக்குத் திரும்புவோம். ஓட்டுவது நான். தோலைத் தொட்டுப் பார்த்து எடுப்பது நீ. வழியெல்லாம் ஓயாமல் பேசுவதும் நீதான். முன்பக்கத்துப் பட்டை ஸ்பிரிங் ஒரு பள்ளத்தையும் விடாமல் சீட்டுக்கு அனுப்பிவைக்கும். வயசு இருந்தவரை அதைச் சொல்லிச் சிரித்தோம். பிறகு உன் முதுகில் டிஸ்க் விலகியது. பிக்கப்பில் ஏறவே கூடாது என்று டாக்டர் உன்னிடம் சொன்னதை, உன் மனைவி, நம் பாபி, வாசலில் நின்று என்னிடமும் ஒரு தரம் சொன்னார்.

காரில் வா என்றேன். "கல்யாணத்துக்கா போறோம்?" என்றாய். தனியாகப் போய் நான் எடுத்து வந்த தோலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "கண்ண மூடிக்கினு எடுத்தியா?" என்று கேட்டாய். அந்தத் திட்டுகூட எனக்குப் பரவாயில்லை. நாள் போகப் போகத் திட்டுவதையும் விட்டுவிட்டு, ஷெட் வாசலில் சும்மா உட்கார்ந்திருந்தாயே, அதுதான் தாங்கவில்லை. எப்படியாவது உன்னைப் பக்கத்து சீட்டில் மறுபடி உட்காரவைக்க வேண்டும் என்று பிடிவாதம் வந்துவிட்டது. வண்டியின் முன்பக்கத்தையே மாற்றிவிடுவது என்று முடிவு செய்தேன்.

ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு அலைந்து அனுமதி வாங்கவே ஒரு மாதம். பழைய ஆக்சிலையும் பட்டைகளையும் கழற்றிவிட்டு, இரண்டு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும்படி சுருள் ஸ்பிரிங் செட் மாட்டலாம் என்றார் மெக்கானிக். செட்டைத் தேர்ந்தெடுக்க நீயே மெதுவாகக் காரில் வந்து சேர்ந்தாய். கல்யாணத்துக்குப் போகாத காரில்!

மெக்கானிக் இரண்டு விதமான புஷ்களைக் காட்டி, மெத்தென்றிருப்பதை மாட்டலாம் என்றார். நீ அழுத்திப் பார்த்தாய். என்னிடம் கொடுத்தாய். நானும் அழுத்திப் பார்த்தேன். நம் தொழிலில் விரலுக்குக் கீழே தளர்ந்தால் அது இரண்டாம் தரம். இறுக்கமாக இருந்தால்தான் முதல் தரம். "இது லூசு" என்று இருவரும் ஒரே குரலில் சொன்னோம். ஸ்பிரிங்கிலும் விறைப்பாக இருந்ததையே கேட்டு வாங்கினோம். "தோல்காரன்கிட்டயே கைப்பக்குவம் சொல்றியா?" என்று நீ கேட்டதும் அந்த மனிதர் நாம் கேட்டதையே மாட்டிக் கொடுத்தார்.

முதல் செவ்வாய் நீ ஏறி உட்கார்ந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளிகொண்டா தாண்டும்போது, "எப்படிக் கீது பாய்?" என்றேன். "வெண்ணெ மாதிரி போவுது, தோஸ்த்" என்றாய். மேலே இருந்த கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாய். திரும்பும் வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை. இதையெல்லாம் பார்த்துக்கொண்டேதான் வண்டி ஓட்டினேன். என் புத்திக்கு எதுவும் எட்டவில்லை.

வியாழக்கிழமை பாபி போன் செய்தார். "இன்னாண்ணே பண்ணீங்க அவர? ரெண்டு நாளா எழுந்துக்கவே இல்ல."

ஓடி வந்து உன் கட்டில் பக்கத்தில் நின்று கத்தினேன். "வலிக்குதுன்னு சொல்லித் தொலையறதுக்கு இன்னா?"

"நீ ரெண்டு மாசமா நாயா அலைஞ்ச. எந்த வாயால சொல்றது?"

எனக்கு அழுகைதான் வந்தது. மெக்கானிக்கிடம் போய்த் தலைகுனிந்து நின்றேன். "அன்னிக்கே சொன்னேனே சார். இத வச்சி ஷூவா தைக்கப் போறீங்க?" என்றவர், எல்லாவற்றையும் கழற்றி மெத்தென்றவற்றை மாட்டிக் கொடுத்தார்.

நீ எழுந்து நடமாடப் பல வாரம் ஆனது. பாபி சம்மதிக்க அதைவிட அதிக நாள் ஆனது. ஏறியதும், "நல்லா இருக்கு" என்றாய். நான் நம்பவில்லை. அடுத்த வாரமும் அதையே சொன்னாய். அப்போதும் நம்பவில்லை. உன் வாய் அப்படிப்பட்டது என்று அதற்குள் தெரிந்துகொண்டிருந்தேன்.

மூன்றாவது செவ்வாய், பள்ளிகொண்டா தாண்டியதும் உன் பேச்சு நின்றுபோனது. பயந்துபோய்த் திரும்பிப் பார்த்தேன். வாயைப் பிளந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாய். இருபது வருஷத்தில் நீ அந்த வண்டியில் கண்ணசந்து நான் பார்த்ததில்லை. மாதனூர் போனது, ஆம்பூர் வந்தது. நிறுத்தினால் விழித்துக்கொள்வாய். எனக்கு நிறுத்த மனசு வரவில்லை. ஈரத்தோல் பாரத்தோடு வாணியம்பாடி வரை போய், மெதுவாகத் திரும்பி வந்தேன். ஷெட் வாசலில் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "இன்னா, இவ்ளோ நேரமாய்டுச்சி?" என்றாய்.

"ரோட்ல லாரி கவுந்துடுச்சி. ஒரே டிராபிக்."

"யாருக்கும் அடி ஒண்ணும் இல்லியே?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனாய்.

அந்த வருஷ மழைக்கு முன்பே மாரடைப்பு வந்து நீ போய்விட்டாய். முதுகுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்றார் டாக்டர். அவரிடம் அதை இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

இப்போதெல்லாம் யாராவது நல்லா இருக்கு என்று சொன்னால் முகத்தைப் பார்க்கிறேன். பிடித்திருக்கும் கையைப் பார்க்கிறேன். அது நீ சொன்ன பொய்யால் வந்த பழக்கம். என் பொய்யை மட்டும் உன்னிடம் சொல்லாமலே விட்டுவிட்டேன். அன்றைக்கு லாரி எதுவும் கவிழவில்லை, பாய்.