டார்னெல் பாதியில் நிறுத்திய பாட்டு

போ பகுதி, கிழக்கு லண்டன்
ஞாயிறு மாலை

அன்பு மகள் எஃபுவாவுக்கு,

லாஸ் ஏஞ்சல்ஸில் நீயும் வெயிலும் சுகமா? இங்கே எல்லாரும் சுகம், அப்பாவின் தொண்டையைத் தவிர. அதற்குக் காரணம் உன் பாட்டு. அக்கா, எழுதுவது உன் தங்கை அராபா. அம்மாவின் கை உனக்கு அனுப்பப்போகும் ஷிட்டோ தொக்கைக் கிளறுகிறது, வாய் கடிதம் சொல்கிறது, என் கை எழுதுகிறது. அம்மா சொல்வதை எல்லாம் எழுதுவேன், சொல்லாததையும் கொஞ்சம் தாளித்துப் போடுவேன்.

பாட்டு வெளியாவதற்கு முந்தின நாள் நீ போனில் அழுதாயே, இத்தனை நாள் காதல் பாட்டு பாடிவிட்டு இப்போது எங்கள் கிரைமை, இந்த லண்டன் தெரு ராப்பை, திருட வந்துவிட்டாள் என்று போ ஏரியா பையன்கள் சிரிப்பார்கள் என்று, அதிலிருந்து அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. அப்பாவுக்கு இறங்கியது, அம்மாவின் தட்டில் இருந்ததும் சேர்த்து. அந்தப் பையன்கள்தானே லிஃப்டில் என்னைப் பார்த்தாலே "ஐஸ்கிரீம் வண்டி வருது டோய்" என்று உன் பழைய காதல் பாட்டை அந்த வண்டி மெட்டு மாதிரி இழுத்துக் கிண்டலடிப்பவர்கள். சர்ச்சில் ஓபோங் ஆன்டி வேறு, "கிரைமா? ஐயோ, ஜாமீன் கிடைச்சுதா?" என்று விசாரித்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நம் ஏரியா ரேடியோவில் முதல் முறையாகப் போட்டார்கள். டிஜே நம் மூன்றாம் மாடி டார்னெல். "நம்ம பில்டிங் பொண்ணுதான், அதுக்காக ஜால்ரா போட மாட்டேன், கேவலமா இருந்தா நிறுத்திடுவேன்" என்று மைக்கிலேயே சொல்லிவிட்டான். அப்பா கோட்டும் டையும் போட்டு ரேடியோ முன்னால் உட்கார்ந்திருந்தார், கால்களில் மட்டும் வீட்டுச் செருப்பு. பாட்டு ஆரம்பித்தது. நீ படபடவென்று நாலு வரி பொரிந்து தள்ளினாய், பேஸ் இறங்கியது, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, அவ்வளவுதான், கீச்சென்று ஒரு சத்தம், பாட்டு நின்றுவிட்டது. அம்மா ரேடியோவின் முதுகில் ஒன்று வைத்தாள். அப்பா "நிறுத்திட்டான்! என் பொண்ணை நிறுத்திட்டான்!" என்று அப்படியே கிளம்பிவிட்டார். அவன் ஏன் நிறுத்தினான் என்று சொல்லலாம் என்றுதான் பின்னாலேயே ஓடினேன் அக்கா, சத்தியமாக, ஆனால் சிரிப்பு விட்டால்தானே வாய் பேசும்.

சிக்கன் கடைக்கு மேலே அந்த ரேடியோ அறைக்குள் அப்பா நுழைந்தபோது டார்னெல் உன் பாட்டை மறுபடி போட்டு மறுபடி நிறுத்தியிருந்தான். மைக் திறந்தே கிடந்தது. "டேய் டார்னெல், உங்க அம்மாவுக்குப் போன் போடட்டுமா? அவ பாடி முடிக்கறதுக்குள்ள உனக்கு என்னடா அவசரம்?" என்று அப்பா கத்தியது ஏரியா முழுக்கக் கேட்டது. அவன், "அங்கிள், அங்கிள், கேவலம்னு நிறுத்தல, தாங்க முடியலன்னு நிறுத்தினேன். கிரைம்ல பாட்டு அடிச்சுத் தூக்குச்சுன்னா பாதியிலயே வெட்டி முதல்லேர்ந்து போடுவோம், ஒன்ஸ் மோர் மாதிரி. இதுக்கு மேல மரியாதையே கிடையாது அங்கிள், பாருங்க" என்று போனைக் காட்டினான். திருப்பிப் போடு, திருப்பிப் போடு என்று மெசேஜ் கொட்டுகிறது. லிஃப்ட் பையன்களிடமிருந்தும்தான்: "எங்க பில்டிங் அக்காடா!" அப்பா வரிசையாகப் படித்தார், டையைச் சரிசெய்துகொண்டார், அப்புறம் மைக்கில் கேட்டார்: "அப்புறம் ஏண்டா ரெண்டு தடவையோட விட்டுட்ட?"

அதற்குப் பிறகு அவன் திருப்பிப் போட்டதற்குக் கணக்கே இல்லை. ஒவ்வொரு முறையும் வெட்டச் சொல்லிக் கத்தியது அப்பா. தொண்டை போனது அப்படித்தான். அம்மா வீட்டில் அழுதுகொண்டே ரேடியோவைத் தடவிக்கொடுத்தாளாம். அதை எழுதாதே என்கிறாள், எழுதிவிட்டேன்.

இப்போது அம்மா சொன்னது சொன்னபடி. மகளே, நேரத்துக்குச் சாப்பிடு. தொக்கைப் பிரிட்ஜில் வை. பாட்டு நடுவில் மூச்சு வாங்கு, எனக்குப் பயமாக இருக்கிறது. கோடையில் இங்கே நம் ஏரியா ஹாலில் வந்து பாடுவாயா என்று டார்னெல் கேட்டதற்கு உன் அப்பா உன்னைக் கேட்காமலேயே ரேடியோவில் "வருவா" என்று வாக்குக் கொடுத்துவிட்டார். சிரிப்பார்கள் என்று பயந்து ஒதுங்காதே. உனக்காகத்தான் காத்திருக்கிறார்கள். கடவுள் உன் குரலையும் உன்னையும் காப்பாற்றட்டும். டிக்கெட் போட்டதும் சொல்.

அம்மா
(எழுதியது அராபா. தொண்டை கட்டியிருப்பதால் அப்பா தலையை மட்டும் ஆட்டினார்.)