தன் ரத்தத்தைத் தானே பார்த்தவளுக்கு

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம். நீ நலமா என்று கேட்கப் போவதில்லை, கேட்டால் நலம் என்றுதான் சொல்வாய், அந்தச் சொல்லை இனி நான் நம்புவதாக இல்லை. போனில் பேசினால் சிரித்துச் சிரித்தே என்னைக் கவிழ்த்துவிடுவாய், அதனால்தான் எழுதி, படம் எடுத்து, உன் போனுக்கே அனுப்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் கூப்பிட்டபோது நீ குளிக்கப் போயிருந்தாய், உன்னோடு பயிற்சி எடுக்கும் அறைத்தோழி எடுத்தாள். பாவம், எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டு, இப்ப பரவாயில்லைம்மா, எந்திரிச்சு நடக்கிறா, நல்லா சாப்பிடுறா என்றாள். எங்கேயிருந்து எந்திரிச்சா என்று கேட்டேன். நீ வந்ததும் பேசச் சொல்கிறேன் என்று நழுவப் பார்த்தாள், நான் விடவில்லை. பிறகு ஒவ்வொன்றாகக் கறந்தேன். மலேரியாவாம், வார்டில் ஒரு நோயாளியின் கட்டிலைப் பிடித்தபடியே சரிந்து விழுந்தாயாம், மூன்று வாரம் ஆகிறதாம். அந்த மூன்று வாரமும் நீ என்னிடம் மழையைப் பற்றியும் சாப்பாட்டைப் பற்றியும் கதை அளந்துகொண்டிருந்தாய். போனை வைத்துவிட்டுத் தையல் மெஷினில் உட்கார்ந்தேன், ஒரே சட்டைக்கு இரண்டு இடது கை வைத்துத் தைத்திருக்கிறேன். வாங்க வந்தவர் போட்டுப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், கழற்றிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

காய்ச்சல் யாருக்கும் வரும், அதற்கு எனக்குக் கோபம் இல்லை. தொற்றுநோய் டாக்டராகப் படித்து முடித்த பிறகும், வெப்பநாட்டு நோய்களை நேரில் பார்த்துக் கற்க வேண்டும் என்று அந்த ஆற்றங்கரை ஆஸ்பத்திரிப் பயிற்சிக்குக் கிளம்பினாயே, வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னேனா? பெட்டி கட்டிக் கொடுத்ததே நான்தான். போன புதிதில் எவ்வளவு பெருமையாகச் சொன்னாய், இங்க கண்ணாடித் தகட்டுல ரத்தத்தைத் தடவி ஒருத்தர் மட்டும் பார்த்துட்டு கிருமி இல்லைன்னு சொல்லக் கூடாதும்மா, இன்னொருத்தரும் பார்க்கணும், பெரிய டாக்டரா இருந்தாலும் அதே கதைதான் என்று. அப்படிச் சொன்னவள் தனக்குக் குளிர் நடுக்கம் வந்ததும் என்ன செய்தாய்? ஆய்வகத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்துப் போய், உன் விரலை நீயே குத்தி, நீயே சாயம் போட்டு, நடுங்குகிற கையோடும் மங்கிய கண்ணோடும் நீயே பார்த்து, ஒன்றும் இல்லை என்று நீயே தீர்ப்பும் சொல்லிக்கொண்டாய். தகட்டைக் கழுவி வைத்துவிட்டு நோயாளிகளைப் பார்க்கப் போய்விட்டாய். நீ விழுந்த பிறகு உன் தோழி புதிதாக ரத்தம் எடுத்துப் பார்த்தபோது கிருமி மொய்த்துக் கிடந்ததாம். ஏன்டி மறைத்தாள் என்றால், காய்ச்சல்னு தெரிஞ்சா படகுல ஊர் ஊராப் போய் வைத்தியம் பார்க்குற குழுவிலிருந்து பேரை எடுத்துடுவாங்கன்னு பயந்தாம்மா என்கிறாள். மலேரியா வராமல் இருக்கப் போடும் மாத்திரையையும் கெட்ட கனவு வருகிறது என்று நிறுத்தியிருக்கிறாய். கனவுக்குப் பயந்தவளுக்குச் சாவுக்குப் பயமில்லை. நல்ல படிப்பு.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன், உங்கள் பெரிய டாக்டர் செய்ததைக் கேட்டுத்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எல்லோர் முன்னாலும் உன்னை நிற்க வைத்து, காய்ச்சலோடும் வேலை செய்தாள், இதுதான் அர்ப்பணிப்பு என்று கைதட்டச் சொன்னாராம். அவர் பெற்ற பெண் விழுந்திருந்தால் தட்டுவாரா? நீயும் இளித்துக்கொண்டு நின்றாயாம், கையோடு அடுத்த மாதப் படகுப் பயணத்துக்கும் பெயர் கொடுத்துவிட்டாயாம். மருந்து முடிந்த பிறகு ரத்தத்தைத் திரும்பப் பார்த்தார்களா என்று கேட்டேன். பார்த்தாச்சும்மா, சுத்தமாயிடுச்சு என்றாள். யார் பார்த்தது என்றேன். மறுபடியும் நீயேதான்.

அப்பாவிடம் சொன்னேன். அவர் கத்தவில்லை, காய்ந்த துணிகளை மடித்தார், மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார். திட்டாதே, உடம்பு தேறட்டும் என்றார். அவருக்காக ஒரு நாள் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன், அதற்கு மேல் என்னால் ஆகவில்லை.

பயிற்சியை விட்டுவிட்டு வா என்று நான் சொல்லவில்லை. தாராளமாகப் படகில் போ, ஊர் ஊராக வைத்தியம் பார். அதற்கு முன்னால் வேறு இரண்டு பேரிடம் கையை நீட்டு, அவர்கள் பார்த்துக் கையெழுத்துப் போட்டதை எனக்கு அனுப்பு. அது வரும்வரை நான் பிரஷர் மாத்திரையைத் தொடுவதாக இல்லை. திங்கட்கிழமையே நிறுத்திவிட்டேன், அப்பாவுக்குத் தெரியாது. தலை பாரமாக இருக்கிறது, காதுக்குள் இரைகிறது, ஆனால் என்னை நானே பார்த்துக்கொண்டேன், எனக்கு ஒன்றும் இல்லை. இதைப் படித்ததும் உனக்குக் கைகால் பதறும், இவளுக்கென்ன பைத்தியமா என்று கோபம் கோபமாக வரும். வரட்டும். நன்றாக வரட்டும்.

நீ நோய்நொடி இல்லாமல் நூறாண்டு இருக்க வேண்டும், அதற்குத்தான் இத்தனை கத்தலும். வேளைக்குச் சாப்பிடு, வலையைக் கட்டிக்கொண்டு தூங்கு, உன் தோழியை ஒரு வார்த்தை சொல்லாதே. மாத்திரை அட்டை மேஜை மேல் கைக்கு எட்டுகிற இடத்தில்தான் இருக்கிறது. சீக்கிரம் அனுப்படி.

இப்படிக்கு,
இன்னும் கோபம் ஆறாத
உன் அம்மா