பின்கதவடியில் நான்கு பெட்டிகள்

மே 12, திங்கள்

மழை. காலையிலிருந்து நிற்கவில்லை. ஆதிராவுக்கு மூக்கு மட்டும் ஒழுகுகிறது, நெஞ்சில் சத்தமில்லை. காதை வைத்துக் கேட்டேன். பிறகு இன்னொரு தரமும் கேட்டேன்.

சனிக்கிழமை முகாம், அறுநூறு வருடத்துக்கு முந்தினவர்கள் மாதிரி உடுத்து, சமைத்து, வயலில் கூடாரம் அடித்துப் படுக்கும் முகாம். இந்த வருடத்தின் முதலாவது. எனக்கு மூன்று வருடங்களுக்குப் பிறகு முதலாவது. கர்ப்பம், பிரசவம், பால், கார்தெரி என்ற பிள்ளைக் காப்பகத்திலிருந்து ஆதிரா கொண்டுவரும் காய்ச்சல்கள் என்று ஒவ்வொரு கோடையும் போனது. ஆனால் பெட்டிகளை நான் ஒருநாளும் கலைக்கவில்லை. பின்கதவடி அலுமாரிக்குள் நான்கு பலகைப் பெட்டிகளும் கூடாரப் பையும் வருடம் முழுக்கக் கட்டினபடி. தூக்கிக் காரில் வைத்தால் போதும், போகலாம். அதற்காகத்தான் எல்லாம் இரட்டை. வீட்டுக்கு ஒரு கத்தி, பெட்டிக்கு ஒரு கத்தி. உப்பு, சவர்க்காரம், துவாய் எல்லாம் அப்படியே. பெட்டிக் கரண்டியை ஒருநாள் சமையலறைக்கு எடுத்தால் அடுத்த முகாமில் கையால்தான் கஞ்சி குடிக்க வேண்டும். கஜனுக்கு இதைக் கல்யாணத்துக்கு முன்பே சொல்லிவிட்டேன்.

தை மாதம் எல்லாவற்றையும் எடுத்துத் துடைத்து, ஆதிராவின் குட்டி மரக்கிண்ணத்தையும் சேர்த்து வைத்தேன். வரவேற்பறை நிலத்தில் இருத்தி அவளையே எண்ணவிட்டேன். "பப்பா, அம்மா, முவா!" பிரெஞ்சில் முவா என்றால் நான். மூன்று கிண்ணம், மூன்று கரண்டி, மூன்று கம்பளி. திரும்பத் திரும்ப எண்ணினாள். சோபாவில் மாமா, கஜனின் அப்பா, இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்றைக்கு இரண்டாம் பெட்டியைத் திறந்தேன். நாற்றம். எலி!

பலகைப் பெட்டி, கயிறு கோர்த்த துவாரத்தால் வந்திருக்கிறது. வந்த காரணம்: மேரி பிஸ்கற். என் பெட்டிக்குள் பிஸ்கற்! உறையைக் கிழித்துத் தின்றுவிட்டு என் கம்பளி அங்கியில் கூடு கட்டப் பார்த்திருக்கிறது. அதோடு விடவில்லை. பக்கத்தில் கூடாரப் பை. மடித்த துணியில் ஒரே ஒரு கடி. விரித்துப் பார்த்தால் வரிசையாக ஆறு ஓட்டை.

பெட்டிக்குள் நான் வைக்காத சாமான்கள்:
பனடோல், ஒரு பெட்டி.
மெழுகுதிரி.
தீப்பெட்டி, பொலித்தீன் சுற்றி, ரப்பர் பாண்ட் போட்டு.
ஆதிராவின் சட்டை. அவளுக்கு இன்னும் இரண்டு வருடத்துக்குப் பெரிது.
இடுப்பில் உடுக்கும் பழைய சாரம் ஒன்று.
தேத்தண்ணி குடிக்கும் எவர்சில்வர் பேணி.

யார்?! யாருக்கு இந்த வீட்டில் என் பெட்டியைத் திறக்கத் துணிவு?

கஜன் வேலையால் வந்து, சப்பாத்தையும் கழற்றாமல் பார்த்தார். "எலிதானே. இந்தமுறை விடுமன், சுபா. பிள்ளைக்கும் மூக்கு ஓடுது."

விடுமன். மூன்று வருடமாக இந்த ஒரு சொல்.

மே 13, செவ்வாய்

மழை விட்டது. குளிர்.

மெட்ரோவில் வேலைக்குப் போகும்போது கண்டுபிடித்தேன். மச்சாள்! கஜனின் அக்கா. லொங்குய்யில் பெரிய வீடு, சித்திரையில் பேஸ்மென்ற்றுக்குள் வெள்ளம் வந்து, இரண்டு பெடியங்களோடும் இங்கே ஒரு கிழமை. அந்தக் கிழமை முழுக்க என் அலுமாரியைத் திறந்து மூடிக்கொண்டு, "குப்பை, குப்பை" என்று. பிள்ளைகளுக்குப் பிஸ்கற் ஒளிக்க வேறு இடமா கிடைக்காது?

மத்தியானம் வேலையிடத்திலிருந்து அழைத்தேன். மரியாதையாகத்தான் தொடங்கினேன்.

"மச்சாள், பெட்டிக்குள்ள பிஸ்கற் வைச்சனீங்களோ?"

"எந்தப் பெட்டி?"

"என்ர முகாம் பெட்டி."

"அந்தக் குப்பைக்குள்ளயோ! என்ர பிள்ளையள் என்ன, உன்ர எலிக்குத் தீன் போடவோ வந்ததுகள்?"

"வேற ஆரும் இஞ்ச வரேல்ல மச்சாள்."

"சுபா, நான் ஒண்டு சொல்லட்டே? படிச்ச பிள்ளை நீ. அறுநூறு வருசத்துக்கு முந்தின வெள்ளைக்காரி மாதிரி உடுத்துக்கொண்டு வயலுக்குள்ள போய்ப் படுக்கிறாய். மிளகாய்கூடப் போடாமல் சமைக்கிறாய். அதுக்கு ஒரு அலுமாரி. என்ர தம்பி தன்ர சப்பாத்தை வாசலில வைக்கிறான். இப்ப நான் எலி வளக்கிறன் எண்டுறாய்!"

மிளகாய் அந்தக் காலத்தில் வெள்ளைக்காரர் நாட்டுக்கு வரவில்லை, மிளகுதான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் போனை வைத்துவிட்டா.

மச்சாளின் கணவர் வருடம் முழுக்க கராஜில் ஒரு படகு வைத்திருக்கிறார். தண்ணீரில் அது இறங்கி நான் பார்த்ததில்லை. அதற்குப் பெயர் படகு. என்னுடையதற்குப் பெயர் குப்பை.

ஆதிரா இருமினாள். ஒரு தரம். தொண்டையாக இருக்கும்.

மே 14, புதன்

வெயில், ஆனால் காற்று.

கூடாரத் துணியைச் சாப்பாட்டு மேசையில் விரித்து ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். ஊசி இரண்டு முறிந்தது. ஆறில் இரண்டு ஓட்டை முடிந்தது. கூடாரம் இல்லாமல் பிள்ளையைக் கொண்டுபோக முடியாது. ஒழுகும் கூடாரத்துக்குள்ளும் கொண்டுபோக முடியாது. அப்படியென்றால் நானும் இல்லை. இந்த வருடமும் இல்லையென்றால் பிறகு இல்லவே இல்லை, எனக்குத் தெரியும். பெட்டிகள் முதலில் பேஸ்மென்ற்றுக்குப் போகும், பிறகு தெருவுக்குப் போகும்.

இரவுச் சாப்பாட்டில் கஜன் தொடங்கினார். "அக்கா அழுதுகொண்டு போன் எடுத்தவ. நீர் மன்னிப்புக் கேட்டால் என்ன?"

"எலியிட்டக் கேக்கட்டோ?"

மாமா தட்டைத் தள்ளி வைத்தார். கை கழுவப் போகவில்லை. போன வருடத்துக்கு முந்தின மார்கழியில் நாங்கள் ஸ்பொன்சர் செய்து ஊரிலிருந்து வந்தவர். இந்த வீட்டில் ஒரு கதவைக்கூடச் சத்தமாகச் சாத்தியதில்லை.

"பிள்ளை, அவளோட சண்டை பிடிக்காதையும். அது நான் வைச்சது."

"நீங்களோ மாமா?"

"ஓம்."

"பிஸ்கற்றோ?"

"பிஸ்கற், சாரம், பேணி எல்லாம்."

ஏன் என்று கோபமாகக் கேட்டேன்.

"வீட்டில பெட்டி கட்டி வைச்சிருக்கிறியள். கதவடியில. கம்பளி, சட்டி, கத்தி, உப்பு. எங்கட வீட்டிலயும் அப்பிடி ஒரு பை கிடந்தது. ஷெல் அடிக்கத் தொடங்கினால் தூக்கிக்கொண்டு ஓடுறது. அதை ஏன் எண்டு ஒருத்தரும் கேக்கிறேல்ல. பாத்தால் தெரியும்."

"மாமா, இது அதுக்கில்லை! இது விளையாட்டுக்கு. இஞ்ச ஆர் ஷெல் அடிக்கப் போறான்? என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே?"

"கேக்கத்தான் நினைச்சன்." ஆதிராவின் வாயைத் துடைத்துவிட்டார். "தையில நீர் எண்ணி வைக்கேக்க பாத்துக்கொண்டிருந்தனான். மூண்டு கிண்ணம். மூண்டு கம்பளி. கேட்டு, உங்களுக்கு இல்லை மாமா எண்டு சொல்லிப்போட்டால்?"

மாமா எழும்பிப் போய்க் கை கழுவினார். பெட்டியிலிருந்து நான் எடுத்து வைத்திருந்த பேணியைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்விட்டார்.

மே 15, வியாழன்

நித்திரை இல்லை.

இன்னும் கோபம்தான். ஆறு ஓட்டை ஆறு ஓட்டைதான். ஆனால் இந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? நான்கு மாதமாக அந்த மனிசன் அந்த அலுமாரியைத் தாண்டிக் கக்கூசுக்குப் போய் வந்திருக்கிறார். என்ன நினைத்துக்கொண்டு! நாங்கள் மூன்று பேரும் ஓடுவோம், தான் மட்டும் விடுபடவேண்டும் என்று. அப்படி நினைத்துக்கொண்டு ஆதிராவுக்குப் பெரிய சட்டையும் வாங்கி வைத்திருக்கிறார். போன இடத்தில் அவள் வளர்ந்துவிடுவாள் என்று.

காலையில் கஜனைப் பிடித்தேன்.

"உங்கட அப்பாவுக்கு இது என்ன பெட்டியெண்டு நீங்கள் ஏன் சொல்லேல்ல?"

"அவர் கேக்கேல்ல."

"அவருக்கு மகன் நீங்களோ நானோ?"

"நீரும்தானே சொல்லேல்ல, சுபா."

அவருடைய சப்பாத்தை வாசலிலிருந்து உள்ளே எறிந்தேன்.

பின்னேரம் ஜான்-டலோன் சந்தை. வாங்கியது: லீக்ஸ், கரட், பார்லி, வெங்காயம். தக்காளியும் உருளைக்கிழங்கும் கூடாது, அந்தக் காலத்தில் அவை இல்லை. முகாமில் முப்பது பேருக்குச் சமையல் என் பொறுப்பு. கார்தெரிக்குப் பிந்திவிட்டேன், அவர்களிடமும் பேச்சு வாங்கினேன். வரும் வழியில் வில்லரேயில் அந்தப் பழைய சாமான் கடை. மரக்கிண்ணம் ஒன்று, கொஞ்சம் வெடிப்பு. எடுத்தேன்.

மாமாவிடம் போய் நின்றேன். "சனிக்கிழமை எங்களோட வாங்கோ மாமா."

"நான் என்னத்துக்கு அந்த வெள்ளையளுக்குள்ள? குளிரும்."

"உங்களுக்கும் கிண்ணம் வாங்கிப்போட்டன்."

"மூத்திரத்துக்கு எங்க போறது?"

"இடம் இருக்கு."

"ம்."

அந்த "ம்" என்ன அர்த்தம் என்று கஜனுக்கும் தெரியவில்லை. ஒட்டு: ஐந்து முடிந்தது.

மே 17, சனி

முகாமில். கூடாரத்துக்குள். வெளியே தூறல். ஆறாவது ஒட்டு ஒழுகுகிறது, கீழே சட்டி வைத்திருக்கிறேன். ஆதிரா மற்றப் பக்கம், உலர்ந்த இடத்தில். மூச்சு ஒழுங்கு. உண்ணி இருக்கிறதா என்று உடம்பு முழுக்கப் பார்த்துவிட்டேன். ஒன்றும் இல்லை.

காலையில் காரில் ஏறும்போது மாமா வேட்டி சால்வையோடு வந்து முன் இருக்கையில் இருந்துவிட்டார்.

முகாம் வாசலில் ஜோசே. வருபவர்களின் உடுப்பைச் சோதித்து உள்ளே விடுபவள். சிப் வைத்த உடுப்பு, மெஷின் தையல், பிளாஸ்ரிக், தொலைபேசி ஒன்றும் வெளியே தெரியக்கூடாது. முதல் வருடம் என்னை நிற்பாட்டி, உன் நிறத்தில் ஒருத்தி அந்தக் காலத்து நோர்மண்டியில் என்ன செய்தாள் என்று கேட்டவள். அதற்காக மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தேன், மிளகு வியாபாரம், கப்பல், துறைமுகம் என்று. இன்றைக்கு மாமாவின் வேட்டியைத் தொட்டுப் பார்த்தாள்.

"தையல் எங்கே?" பிரெஞ்சில்.

நான் மொழிபெயர்த்தேன். மாமா என்னைப் பார்த்தார். "வேட்டிக்கு என்ன தையல்?"

"அருமை, அருமை" என்று உள்ளே விட்டுவிட்டாள்! இவருக்காக ஒரு பக்கமும் எழுதத் தேவையில்லை! வேட்டிக்குள்ளே தேர்மல் உள்ளுடுப்புப் போட்டிருந்தது அவளுக்குத் தெரியாது. பாட்டாச் செருப்பை மட்டும் பிடித்தாள். இரவல் பெட்டியிலிருந்து தோல் சப்பாத்துக் கொடுத்தார்கள். நாள் முழுக்க வாத்து மாதிரி நடந்து திரிந்தார்.

சமையல் சரி. பார்லி கொஞ்சம் அடிப்பிடித்தது. மாமா தன் வெடித்த கிண்ணத்தில் குடித்துவிட்டு, "உறைப்பில்லை" என்றார். மிளகு இடித்துப் போட்டேன். "இன்னும்." போட்டேன். பிறகு இரண்டாம் தரமும் நீட்டினார்.

பொழுது படும் நேரம் மழைக்கு முதல் வெளியே இருந்தோம். வயல் முழுக்கக் கூடாரம், ஒவ்வொன்றின் முன்னும் நெருப்பு, பிள்ளைகள் ஓடித் திரிந்தார்கள். மாமா கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவையெல்லாம் எங்கயிருந்து வந்தவை?"

"லவால், கியூபெக், ஒட்டாவா. வீடு வாசல் இருக்கிற சனம் மாமா."

"இவையை ஒருத்தரும் ஊரைவிட்டுக் கலைக்கேல்ல?"

"இல்லை. தாங்களாத்தான் வந்தவை. ஆசைக்கு."

"ஆசைக்கோ!" சிரித்தார். இருமல் வரும்வரை சிரித்தார். "நாளைக்குத் திரும்பிப் போவினம்?"

"ஓம். திங்கள் விடுமுறை எண்டாலும் வேலைக்குப் போற ஆக்களும் இருக்கினம்."

"அப்ப நல்லது" என்று காலை நெருப்புப் பக்கம் நீட்டினார்.

சட்டி நிறைகிறது. ஊற்றிவிட்டு வரவேண்டும்.

மே 19, திங்கள்

விடுமுறை. மழை நின்று வெயில். கூடாரத்தை வீட்டுக்குள் கதவுகளுக்கு மேலே விரித்துக் காயப்போட்டிருக்கிறேன். ஒரு அறைக்கும் குனியாமல் போக முடியாது. கஜன் குனிந்து போகிறார். ஆதிரா ஒவ்வொரு கதவிலும் ஒளித்துப் பிடித்து விளையாடுகிறாள். மூக்கு ஒழுகுவது நின்றுவிட்டது. சும்மா பயந்தேன்.

பெட்டிகளைத் திரும்பக் கட்டுகிறேன். கயிற்றுத் துவாரத்துக்குக் கம்பி வலை அடித்தாயிற்று. பிஸ்கற் தகரப் பெட்டிக்குள். வைக்கமாட்டேன் என்றுதான் நின்றேன். "பிள்ளைக்குப் பசிச்சால்?" என்று மாமாவும் நின்றார். சட்டையும் உள்ளே. பொலித்தீன் சுற்றிய தீப்பெட்டியும் உள்ளே, ஜோசே கண்டால் என்ன சொல்லுவாள் என்று தெரியாது.

மத்தியானம் மச்சாள் அழைத்தா. பிஸ்கற்றுக்கு மன்னிப்புக் கேட்டேன். மனதாரத்தான் கேட்டேன். ஏற்றுக்கொண்ட மூச்சோடேயே தொடங்கிவிட்டா. "அப்பாவை அந்தக் குளிருக்குள்ள கொண்டுபோய்க் கிடத்தினியாம்? வயசு போன மனிசன்! சளி பிடிச்சால் ஆர் பாக்கிறது? சுபா, இப்பவாவது அந்தப் பெட்டியளை எறி."

எனக்குக் கோபம் ஏறிவிட்டது. போனை ஸ்பீக்கரில் போட்டு மாமாவின் முன்னால் நீட்டினேன். மடியில் கம்பளி வைத்து மடித்துக்கொண்டிருந்தார். நாலாவது கம்பளி, அவருக்கு.

"என்ன பிள்ளை?" என்றார் மகளிடம்.

"அப்பா, நான் சுபாவுக்குச் சொல்லுறன், அந்தக் குப்பையை–"

"அதைப் பற்றிக் கதையாதை" என்றார். "அதுக்குள்ள என்ர சாமானும் கிடக்கு."

மடித்த கம்பளியை என்னிடம் தந்தார். வைத்து மூடினேன். பேணி மேசையில் நிற்கிறது, மாமா தேத்தண்ணி குடித்து முடிய அதுவும் உள்ளே.