பெட்டி மூடியில் ஒட்டிய பக்கம்

1985 ஆவணி, ஞாயிறு

மாப்பிள்ளையை நினைத்தாலே குமட்டுகிறது. மளிகைப் பொட்டலமாக வந்த ஒரு படக்கதைப் பக்கத்தில்தான் நான் எழுத்துக்கூட்டக் கற்றேன். அதைத் தகரப்பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டிவைத்திருக்கிறேன். கல்யாணமான புதிதில் அதைப் பார்த்தவன், மீதிக் கதையைத் தேடி அரியலூர் பழைய பேப்பர் கடைகளில் அலைய ஆரம்பித்தான். இப்போது பீரோ முழுக்கப் படக்கதைகள். மகளின் சேலைகள் கொடியில் கிடக்கின்றன.

இன்று ஒன்றை எடுத்து விரித்தேன். பிடுங்கிக்கொண்டான்.

"மடிக்காதீங்க மாமா, புஸ்தகத்தோட முதுகு ஒடஞ்சிடும்."

"படிக்கத்தானே புஸ்தகம், மாப்ள?"

"இது சேத்து வைக்கிறதுங்க. ஒங்க பெட்டியில இருக்கிற பக்கம் ஒண்ணுதான் இந்தக் கதையில இல்ல. தண்ணி தொட்டு உரிச்சுக் குடுத்துடுங்க."

யாரும் படிக்காத புத்தகத்துக்கு, நான் படித்த பக்கமா? பெட்டியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிவிட்டேன். மகளே வந்து கேட்டாலும் கிடையாது.