ஒர்னெல்லாவுக்குத் தண்ணீர் பிடிக்காது

ஜூன் 11, செவ்வாய்

காலையில் பீன்ஸ் ஆய்ந்தேன். பத்தரை மணிக்கு என் கணவர் அமெதெயோ கடற்கரையிலிருந்து திரும்பி வந்து, முப்பத்தொரு வருடமாக எங்களிடம் இருந்த உடைமாற்றும் அறையின் சாவியை இலாரியோவின் மேஜையில் வைத்துவிட்டு வந்ததாகச் சொன்னார். வைத்துவிட்டு என்றுதான் சொன்னார். எறிந்திருப்பார்.

விஷயம் இதுதான். குளிர்காலப் புயல் எங்கள் ஊர் மணலில் பாதியைத் தின்றுவிட்டது. பழைய முதல் வரிசை இப்போது கடலுக்குள் இருக்கிறது. கடற்கரைக் குடைகளை வாடகைக்கு விடும் இலாரியோ, அவன் அப்பா காலத்து வழக்கத்தை விட்டுவிட்டு, எல்லாக் குடும்பங்களின் பெயரையும் ஓர் ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டுக் குலுக்கினான். எங்களுக்கு வந்தது நாலாம் வரிசை. அமெதெயோ முதல் வரிசைப் பதினான்காம் குடையின் கீழ் முப்பத்தொரு கோடை உட்கார்ந்தவர். தேவாலயத்தில்கூட அவருக்கு இப்படி நிலையான இடம் கிடையாது.

"நாலாம் வரிசையில உக்காந்தா என்ன தெரியும் தெரியுமா? மூணாம் வரிசைக்காரன் முதுகு தெரியும்."

"நல்ல முதுகா இருக்கலாமே" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

நாளை மறுநாளிலிருந்து வேறு கடற்கரை தேடப் போகிறோமாம். கிழக்கிலும் மேற்கிலும் எத்தனையோ ஊர்கள், எங்கோ ஒரு முதல் வரிசைக் குடை காலியாக இருக்கத்தான் வேண்டும் என்கிறார். எனக்கு மறுப்பு இல்லை. பீன்ஸ் முற்றல்.

ஜூன் 13, வியாழன்

ஸ்போத்தோர்னோ, முதலில் பார்த்த ஊர். அமெதெயோ நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆகவே அளக்கும் நாடாவையும் ஒரு நோட்டையும் எடுத்துக்கொண்டார். குடைக்கும் குடைக்கும் இடைவெளி, முதல் வரிசையிலிருந்து அலை வரை தூரம், கழிப்பறையிலிருந்து காற்று வரும் திசை, காப்பி. இந்த நான்குக்கும் சேர்த்துப் பத்துக்கு மதிப்பெண். ஸ்போத்தோர்னோவுக்கு ஐந்தரை. காப்பியில் விழுந்துவிட்டது.

அவர் குடைக்காரரோடு வாதாடிக்கொண்டிருந்த நேரத்தில் நான் கடலில் முட்டி வரை போய் நின்றேன். எங்கள் ஊரிலும் முட்டி வரை நிற்பேன், பக்கத்துக் குடைப் பெண்களோடு பேசிக்கொண்டு. ஆனால் அங்கே ஒரு சின்ன அலை வந்தாலே யாராவது ஒருத்தி, "பாத்து! ஒர்னெல்லாவுக்குத் தண்ணி பிடிக்காது" என்பாள். இங்கே யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நான் யார் என்றே யாருக்கும் தெரியாது. இது வரை எனக்குத் தோன்றாத விஷயம்.

தொடைவரை போனேன்.

ஜூன் 14, வெள்ளி

நோலி. இடுப்பு வரை. அமெதெயோவின் மதிப்பெண் ஆறு.

ஜூன் 17, திங்கள்

இதை எழுதியே வைத்துவிடுகிறேன், வேறு யாரிடம் சொல்வது.

எனக்குத் தண்ணீர் பிடிக்காது என்பது பொய். எனக்கு நீந்தத் தெரியாது. நான் வெர்செல்லியின் நெல்வயல்களுக்கு நடுவில் வளர்ந்தவள். அங்கே தண்ணீர் கணுக்கால் வரைதான், அதிலும் தவளை இருக்கும். கல்யாணமான முதல் கோடையில் அமெதெயோ கையை நீட்டி "வா" என்றார். கரையில் அவருடைய சகோதரிகள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், மூவரும் மீன்கள். வெட்கமாக இருந்தது. "எனக்குத் தண்ணி பிடிக்காது" என்றேன். அவர் அதைக் கேட்டு, நம்பி, எல்லாரிடமும் சொல்லி, முப்பத்தொரு வருடம் ஆகிவிட்டது. இப்போது போய் மாற்றிச் சொல்ல முடியுமா? எங்கள் கடற்கரையில் யாரும் பார்க்காமல் ஒரு தும்மல் போட முடியாது. அறுபத்தோரு வயதில் அத்தனை பேர் முன்னால் கையைக் காலை உதறிக்கொண்டு...

ஆனால் எனக்கு நீந்த வேண்டும். செத்துப்போவதற்கு முன்னால் என்றெல்லாம் பெரிதாக இல்லை. இந்த ஆகஸ்டுக்குள்.

ஜூன் 20, வியாழன்

லாயிகுவேல்யா. ஆபத்து. ஏழரை மதிப்பெண் கொடுத்துவிட்டார். மணல் மாவு மாதிரி, கடல் நூறடி போனாலும் நெஞ்சைத் தாண்டவில்லை, காப்பியும் நன்றாக இருந்தது. முதல் வரிசையில் ஒரு குடை செப்டம்பர் வரை காலி. அமெதெயோ பேனாவை எடுத்துவிட்டார். குடையை எடுத்தால் அக்கம்பக்கத்துப் பெண்கள் வருவார்கள், பெயர் கேட்பார்கள், மறுநாளே இங்கும் ஒர்னெல்லாவுக்குத் தண்ணீர் பிடிக்காமல் போய்விடும்.

"கழிப்பறை வாடை வருதோ?" என்றேன்.

"வரலையே."

"இப்ப வரல. மதியம் காத்து திரும்பும்ல."

பேனாவை மூடினார். "ஒரு தடவை பாத்துட்டு முடிவு பண்ணக் கூடாதுதான்" என்றார். மறு ஆய்வுக்குத் திங்கட்கிழமை வருகிறோம். என் மனசாட்சி அமைதியாக இருக்கிறது. கொஞ்சம் அதிகமாகவே.

இன்னொன்று. அங்கே தண்ணீரில் ஒரு கன்னிகாஸ்திரீ நின்றுகொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும், கறுப்பு நீச்சலுடை, தலையில் ரப்பர் தொப்பி, கழுத்தில் சிலுவை. மடத்துப் பிள்ளைகளைக் குளிக்கக் கூட்டி வந்திருக்கிறார். பெயர் தெயோதோரா. என்னைப் பத்து நிமிடம் பார்த்தார்.

"சினியோரா, யாருக்காகக் காத்திருக்கீங்க?"

"யாருக்கும் இல்லை, சிஸ்டர்."

"அப்ப மல்லாந்து படுங்க."

ஜூன் 24, திங்கள்

லாயிகுவேல்யா, மறு ஆய்வு. சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று மணி நேரம், செரிக்கும் வரை, யாரும் தண்ணீரில் இறங்கமாட்டார்கள். ஆகவே எனக்கு இருப்பது காலை மட்டும், அதுவும் அமெதெயோ அளந்துகொண்டிருக்கும் நேரம் மட்டும். தெயோதோரா என் முதுகுக்கடியில் கையை வைத்தார். மூழ்கினேன். மறுபடி வைத்தார். மறுபடி மூழ்கினேன்.

"புட்டத்தத் தூக்குங்க, சினியோரா. மிச்சத்தக் கடவுள் பாத்துக்குவார்."

கடவுள் பார்க்கவில்லை. மூக்கு முழுக்க உப்பு. பன்னிரண்டு மணிக்கு ஈர உடையை மாற்றிக்கொண்டு குடையடிக்குப் போனேன்.

"முடி ஈரமா இருக்கே" என்றார் அமெதெயோ.

"குழாயில அலசினேன்."

"குழாய்க்கு எத்தனை மதிப்பெண் போடலாம்?"

"எட்டு" என்றேன்.

ஜூன் 26, புதன்

மிதந்தேன். காது இரண்டும் தண்ணீருக்குள், எதுவும் கேட்கவில்லை. மேலே வெறும் வானம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. தெயோதோரா கையை எப்போதோ எடுத்துவிட்டிருக்கிறார்.

அழுதேன். கடலில் அழுதால் ஒரு வசதி, யாருக்கும் தெரியாது.

ஜூன் 28, வெள்ளி

லாயிகுவேல்யா, நான்காம் ஆய்வு. பன்னிரண்டு கைவீச்சு. மதிப்பெண் ஏழுக்கு இறங்கிவிட்டது, நான் காப்பி கசக்கிறது என்று சொன்னதால்.

ஜூலை 2, செவ்வாய்

மழை. சோபாவில் குப்புறப் படுத்துக் காலை அடித்துப் பார்த்தேன். அமெதெயோ உள்ளே வந்துவிட்டார். முதுகுவலி என்றேன். வெந்நீர்ப் பை கொண்டுவந்து வைத்தார். ஜூலையில் வெந்நீர்ப் பை. ஒரு மணி நேரம் அசையாமல் படுத்திருந்தேன்.

ஜூலை 3, புதன்

அமெதெயோ ஃபொகாச்சா ரொட்டி வாங்கப் போயிருந்தபோது தொலைபேசி. இலாரியோ.

"சினியோரா ஒர்னெல்லா, நல்ல செய்தி. முதல் வரிசைல ஒன்பதாம் குடை காலி ஆகுது. ஜெர்மானா அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு போச்சு, பாவம். அமெதெயோ சாருக்குத்தான் முதல்ல கேக்கறேன். சாவியை எறிஞ்சதெல்லாம் நான் மனசுல வைக்கல. சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள்ள சொல்லிடுங்க, இல்லேன்னா ஒரு பல் டாக்டர் காத்துக்கிட்டிருக்கார்."

சொல்கிறேன் என்றேன்.

அமெதெயோ வந்தார். வெங்காயம் போட்ட ஃபொகாச்சா. சாப்பிட்டோம். "யாராவது கூப்பிட்டாங்களா?" என்றார். தினமும் கேட்கிற கேள்விதான்.

"இல்லை."

எழுதிப் பார்த்தால் ஒரே சொல்லாகத்தான் இருக்கிறது. நாளை லாயிகுவேல்யா போகலாம் என்று நானே சொன்னேன்.

ஜூலை 4, வியாழன்

முப்பது மீட்டர். நடுவில் ஒரு முறை மல்லாந்து இளைப்பாறியது உட்பட. தெயோதோரா தண்ணீரிலேயே கை தட்டினார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "சந்தோஷமா இல்லையே?" என்றார். கணவரிடம் ஒன்றை மறைத்துவிட்டேன் என்றேன். வேறு ஆணா என்று கேட்டார். குடை என்றேன். அவர் அதைப் பற்றி மேலே கேட்கவில்லை.

சொல்லத்தான் வேண்டும். சொன்னால் நாளையே ஒன்பதாம் குடை, பக்கத்தில் அதே பெண்கள், முட்டி வரை, வாழ்நாள் முழுக்க. சொல்லாவிட்டால் அவர் அந்த நாடாவை எடுத்துக்கொண்டு பிரான்ஸ் எல்லை வரை அளந்துகொண்டே போவார். அவருக்கு முதல் வரிசைதான் உயிர் என்று தெரிந்தும்... என்ன பெண் நான்?

ஜூலை 5, வெள்ளி

கமொல்யி. கூழாங்கல், படிக்கட்டு, வெயில். முதல் வரிசையில் இடமே இல்லை. நாற்பது படி ஏறியதும் அமெதெயோ சுவரில் சாய்ந்துவிட்டார். முட்டி வீங்கியிருந்தது. என் கைக்குட்டையை நனைத்துக் கட்டிவிட்டேன். நோட்டில் எதுவும் எழுதவில்லை. இதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"விட்டுடலாமே. முதல் வரிசை இல்லேன்னா என்ன குடி முழுகிடும்?" என்றேன்.

"எனக்கா? எனக்கு எதுக்கு முதல் வரிசை? பதினொரு மணிக்கு ஒரு முங்கு, அப்புறம் குறுக்கெழுத்து. அதை நான் நிலவறையில உக்காந்தும் போடுவேன்."

"அப்புறம் ஏன் இந்தக் கூத்து?"

என்னைப் பைத்தியம் போலப் பார்த்தார். "நீதான் தண்ணில இறங்க மாட்டியே, ஒர்னெல்லா. உக்காந்த இடத்துலேருந்தாவது உனக்குக் கடல் தெரிய வேண்டாமா? நெல்லு வயல்லேருந்து உன்னைக் கடலுக்குக் கூட்டிட்டு வந்துட்டு, மூணாம் வரிசைக்காரன் முதுகைக் காட்டறதா?"

திரும்பி வரும் ரயிலில் சுரங்கப்பாதைக்குச் சுரங்கப்பாதை கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

முப்பத்தொரு வருஷம். வருஷா வருஷம் பிப்ரவரியில குளிர்ல போய் இலாரியோவோட அப்பன்கிட்ட அந்த இடத்துக்காகச் சண்டை போட்டது எனக்காகவா? நான் சொன்ன ஒரு பொய்க்கா? ஏன் மனுஷா, ஒரு தடவை வாயத் திறந்து சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா? நானும்தான் சொல்லல. நான் என்னத்தச் சொல்ல.

ஜூலை 6, சனி

எட்டு மணிக்குக் காப்பி குடிக்கும்போது எல்லாவற்றையும் சொன்னேன். பன்னிரண்டு வரை கெடு இருந்தது. எட்டுக்கே சொன்னேன் என்பதை எனக்குச் சாதகமாகக் குறித்துக்கொள்கிறேன்.

"பிடிக்காதுன்னியே."

"தெரியாது. பிடிக்காம இல்ல."

"முப்பத்தொரு வருஷம்?"

"ஆமா."

"லாயிகுவேல்யா கழிப்பறை?"

"வாடையே இல்ல."

"காப்பி?"

"நல்ல காப்பி, அமெதெயோ."

அது மற்ற எல்லாவற்றையும்விட அவரை அதிகமாகப் பாதித்ததுபோல் இருந்தது. பிறகு ஒன்பதாம் குடையைப் பற்றியும் சொன்னேன். இலாரியோவின் தொலைபேசி எண்ணை எழுதித் தொலைபேசிக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் எழுந்து பால்கனிக்குப் போய்த் துளசிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினார். ஏற்கெனவே ஊற்றியிருந்தேன். பன்னிரண்டு மணி அடித்தது. இரண்டு பேரும் பன்னிரண்டையும் கேட்டோம். அவர் தொலைபேசியைத் தொடவில்லை.

ஜூலை 7, ஞாயிறு

பூசைக்குத் தனித்தனியாகப் போனோம்.

ஜூலை 8, திங்கள்

பாஸ்தாவுக்குத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து கேட்டார்.

"எவ்வளவு தூரம்?"

"முப்பது மீட்டர்."

"நிக்காமயா?"

"நடுவுல ஒரு தடவை மல்லாந்து."

"யார் அளந்தது?"

"கன்னிகாஸ்திரீ. கண்ணால."

"கண்ணால" என்றார், அருவருப்போடு. உள்ளே போய் நாடாவை எடுத்து அதிலிருந்த மணலைத் துடைத்தார்.

ஜூலை 10, புதன்

அமெதெயோ காலையில் எங்கோ போய்விட்டு வந்து மேஜையில் உடைமாற்றும் அறைச் சாவியை வைத்தார். இலாரியோவிடம் போயிருக்கிறார். மன்னிப்புக் கேட்டீர்களா என்றேன். "பேசினேன்" என்றார். நாலாம் வரிசை, ஐம்பத்திரண்டாம் குடை, செப்டம்பர் வரை.

"அங்கே எல்லாரும் இருப்பாங்க" என்றேன்.

"இருக்கட்டும்."

தூக்கம் வராது என்று நினைத்தேன். வந்துவிட்டது.

ஜூலை 15, திங்கள்

பத்து மணிக்கு எழுந்தேன். நாலாம் வரிசையிலிருந்து தண்ணீருக்குப் போக மூன்று வரிசைகளைத் தாண்ட வேண்டும். ரப்பர் தொப்பி போட்டிருந்தேன். முதல் வரிசைக்கு முன்னால் தண்ணீரில் முட்டி வரை நின்று பேசிக்கொண்டிருந்த பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

"ஒர்னெல்லா, எங்க?"

"உள்ள."

"உனக்குத்தான் தண்ணி..."

நான் அதற்குள் நெஞ்சு வரை போய்விட்டேன். இங்கே சீக்கிரம் ஆழமாகிறது, லாயிகுவேல்யா மாதிரி இல்லை. கால் எட்டாத இடம் வந்தது. புட்டத்தைத் தூக்கினேன். மஞ்சள் மிதவைக் கயிறு வரை போய், பிடித்து மூச்சு வாங்கி, திரும்பினேன். அழகாக இல்லை. யாரோ சிரித்தார்கள். சிரிக்கும்படிதான் இருந்திருக்கும்.

நாலாம் வரிசையில் உட்கார்ந்தால் கடல் தெரியாது, அது உண்மைதான். அதனால் நான் தண்ணீரில் இருந்த இருபத்தைந்து நிமிடமும் அமெதெயோ நின்றுகொண்டே இருந்தார். பக்கத்துக் குடைப் பெண், முட்டி வீங்கியிருக்கிறதே, உட்காருங்கள் என்றாளாம். "அவ வெளிய வரட்டும்" என்றாராம்.

சாயங்காலம் மருந்துக்கடையில் முட்டிக்குத் தைலம் வாங்கினோம். சின்னது போதுமா, பெரியதா என்று கடைக்காரி கேட்டாள். அமெதெயோ பெரியதாகக் கேட்டார்.