மலரின் காலுக்கு அளவான பூட்ஸ்

1988 ஜனவரி 9, சனி

காலையில் மைனஸ் பதினெட்டு. பல்கனிக் கதவு உறைந்து திறக்கவில்லை. கீழே உடுப்புத் தோய்க்கும் மெஷினில் இரண்டு பழுது. அரை நாள் அதிலேயே.

மகள் நிர்மியின் பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம். ஏழாம் வகுப்பை 20ஆம் திகதி பனியில் சறுக்கி ஓட ஸ்கீ மலைக்குக் கூட்டிப்போகிறார்களாம். காலில் பூட்டும் ஸ்கீப் பலகை, பூட்ஸ், தடி எல்லாம் அங்கேயே வாடகைக்கு. உதவிக்குப் பெரியவர்கள் இரண்டு பேர் தேவை. எனக்குக் கந்தோரில் லீவு இல்லை. இவருக்குத் தொழிற்சாலையில் ஓவர்டைம்.

"மாமி வரட்டும்," என்றாள் நிர்மி.

மாமி என்றால் இவருடைய தங்கை மலர். வயது இருபத்தெட்டு. இங்கே வந்து பதினாலு மாதம். அகதி வழக்கு இன்னும் கூப்பிடவில்லை. காலையில் டோனட் கடை, மத்தியானத்துக்குப் பிறகு யன்னலோரம். நான் அலுமாரியில் இரண்டு லாச்சி காலியாக்கிக் கொடுத்தும் உடுப்பு இன்னும் சூட்கேசுக்குள்தான். கேட்டால், "இருக்கட்டும் அண்ணி." ஊரில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ரீச்சர். ஆமி வந்து மைதானத்தில் இருந்துகொண்ட பிறகு மைதானமும் இல்லை, வேலையும் இல்லை. அதற்கு மேல் அவள் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

மாட்டேன் என்பாள் என்று நினைத்தேன். "எத்தினை மணிக்கு பஸ்?" என்றாள்.

வாங்க: பால், வெங்காயம், தடித்த காலுறை இரண்டு சோடி.

ஜனவரி 20, புதன்

சின்னப் பனித்தூறல். வேலையால் வர ஆறு மணி.

கதவைத் திறந்ததும் நிர்மியின் சத்தம். "அம்மா! மாமி வாஸ் ஸோ ஃபாஸ்ற்! முதல் நாலு தரம் விழுந்தவ. பிறகு விழேல்லை. எங்கட ரீச்சரே பாத்துக்கொண்டு நிண்டவ."

மலர் குசினியில். கன்னம் இரண்டும் சிவந்து, மூக்குத் தோல் உரிந்து, தலைமயிர் ஈரமாக. சோறு இரண்டாம் தரம் போட்டுச் சாப்பிட்டாள். இந்த வீட்டில் நான் பார்த்து முதல் தடவை.

"எப்பிடி இருந்தது?"

"காலை ரெண்டாக் கட்டிப்போட்டுத் தள்ளிவிட்ட மாதிரி அண்ணி." கொஞ்ச நேரம் கழித்து, "திரும்ப எப்ப போகலாம்?"

இவர் பேப்பருக்குப் பின்னால் இருந்து, "திரும்பவோ?" என்றார்.

ஜனவரி 30, சனி

நல்ல வெயில். அடங்காத காற்று. நால்வருமாய் மலைக்கு. வடக்கே ஒரு மணித்தியால ஓட்டம். இவர் வழி முழுக்கப் பெற்றோல் முள்ளையே பார்த்தபடி.

வாடகைக் கொட்டிலில் ஒரு மணித்தியாலம் வரிசை. ஈரக் காலுறை மணம். உயரம், நிறை, சப்பாத்து அளவு கேட்டு, நிறைக்குத் தக்கபடி, பூட்ஸைப் பிடித்துக்கொள்ளும் ஸ்கீயின் பூட்டை முறுக்கித் தருகிறார்கள். விழும்போது கால் முறியாமல் பூட்ஸ் தானே கழன்றுகொள்ள வேண்டுமாம். இவர் தொழிற்சாலையில் கருவிகள் செய்யும் ஆள் அல்லவா, அந்த ஸ்குரூவையே குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் கொட்டிலுக்குள் தேநீர்ப் போத்தலுடன். யன்னலால் பார்த்தேன். மலர் ஓடும் இழுவைக் கயிற்றைப் பிடித்து மேலே போகிறாள், வருகிறாள், போகிறாள். என்னுடைய பழைய நாவல் நிறக் கோட்டுத்தான். தோள் பெரிது, கை நீளம். அந்தக் கோட்டுக்குள் இப்படி ஓர் ஆள் இருந்ததா?

நிர்மி தூரத்தில் ஒரு பெடியன் ஒற்றைப் பலகையுடன் நிற்பதைக் கண்டுவிட்டாள். ஸ்னோபோர்டாம். "எனக்கு அதுதான் வேணும்!" அந்தப் பெடியனை மலையில் வேலை செய்யும் இரண்டு பேர் வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். பலகைக்கு இந்த மலையில் அனுமதி இல்லையாம். "வாங்கி எங்கை, படிக்கட்டிலயோ ஓடப்போறாய்?" என்று இவர் கேட்டார். அந்தக் கதை அதோடு சரி. (இன்று மட்டும்.)

வீட்டுக்கு வந்து மலர் காலுறை கழற்றினாள். இரத்தம். வாடகை பூட்ஸ் ஆம்பிளை அளவாம், முன்னுக்கு ஒடுக்கம், பின்னுக்கு லூஸ். குதிக்காலில் தோல் கழன்று தொங்குகிறது. பெருவிரல் நகம் கறுப்பு.

"ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா அண்ணை காருக்குப் போவம் எண்டிருப்பார்."

பெப்ரவரி 3, புதன்

மழையும் பனியும் கலந்து. பஸ் நாற்பது நிமிடம் தாமதம். நனைந்தேன்.

பன்னிரண்டாம் மாடி அன்ரி லிப்டுக்குள்: "மலர் பனியில ஓடித் திரியிறாளாம். கலியாணம் பேசுற வயசில காலைக் கையை முறிச்சா ஆர் பிள்ளையைக் கட்டுறது?"  எட்டாம் மாடி வந்துவிட்டது. கதவு மூடின பிறகுதான் நல்ல பதில் நினைவுக்கு வந்தது.

பெப்ரவரி 6, சனி

வீட்டில் சண்டை. முழுவதையும் எழுதி வைக்கிறேன்.

மலர் விளம்பரத் தாள் ஒன்றை மேசையில் வைத்தாள். ஒரு ஸ்கீக் கடை. பனிக்காலம் முடிய முன் மலிவு விற்பனை.

"அண்ணை, நான் சொந்தமா ஒரு செற் வாங்கப்போறன். என்ர சம்பளத்தில."

"விசரே உனக்கு? வருசத்தில மூண்டு மாசம். வாடகைக்கு எடுத்தாக் காணாதே?"

"வாடகை பூட்ஸ் காலைத் தின்னுது."

"அப்ப போகாதை."

மலர் தாளை இவர் பக்கம் தள்ளினாள். இவர் விடவில்லை. "கேஸ் முடியட்டும். பிறகு என்னத்தையும் வாங்கு. நாளைக்குத் திருப்பி அனுப்பினா உந்த ஸ்கீயைக் கொண்டுபோய் எங்கை ஓடப்போறாய்? ஊரில புல்வெளியிலயோ, வயலிலயோ?"

சொன்ன கையோடு இவருக்கே முகம் மாறிவிட்டது. நிர்மி ரீவியை நிற்பாட்டினாள்.

மலர் மெதுவாகத்தான் சொன்னாள். "பதினாலு மாசமா நான் இந்த நாட்டில ஒரு தேத்தண்ணிக் கோப்பைகூட வாங்கேல்லை. அண்ணியின்ர கோட்டு. நிர்மியின்ர குல்லா. அனுப்பினா அனுப்பட்டும் அண்ணை. அனுப்பும்வரைக்கும் நான் இஞ்சதானே இருக்கிறன்."

எழும்பி அறைக்குள் போனாள். கதவை அடிக்கவில்லை, சாத்தினாள். அதுதான் கூடச் சுட்டது.

இவர் தனியே இருந்து அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் பிழையாச் சொன்னனானோ?" என்று என்னைக் கேட்டார். "ஓம்," என்றேன்.

பெப்ரவரி 8, திங்கள்

தெளிந்த வானம். கந்தோரில் மத்தியானச் சாப்பாட்டு நேரம் ஒரு கடதாசியில் எழுதினது:

வாங்கினால்: கால் புண்ணாகாது. வரிசை இல்லை. அவளுடையது.
வாங்கின பிறகு: எங்கே வைப்பது (கட்டிலுக்குக் கீழே சூட்கேஸ்). கார்க் கூரையில் கட்ட வேண்டும். பழகப் பழக நீளமான ஸ்கீ தேவைப்படுமாம். இப்போது வாங்குவது அடுத்த வருடம் குட்டையாகிவிடும்.
வாடகை: நகத்தைத் தவிர நட்டம் இல்லை.

கடைசி வரியை வெட்டினேன். இவருடைய குரலில் எழுதியிருக்கிறேன்.

பக்கத்து மேசைக்காரி எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: பள்ளிக்கூட ஜிம் ஒன்றில் 20ஆம் திகதி பழைய ஸ்கீச் சாமான் விற்பனை, போய்ப் பார்.

பெப்ரவரி 20, சனி

கடும் குளிர். மூக்குக்குள் மயிர் உறைகிறது.

இவரும் வந்தார். "வீண் சாமானைத் தலையில கட்டிவிடாமப் பாக்கத்தான் வாறன்," என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டு.

ஜிம் முழுக்க ஸ்கீக்கள் சுவரில் சாய்ந்து நிற்கின்றன. சனம். பிள்ளைகள் பூட்ஸோடு றோபோ மாதிரி நடக்கிறார்கள். மலர் ஒரு நீலச் சோடியைப் பிடித்துவிட்டாள். ஓரத்தில் வெள்ளைக் கோடு. சும்மா சொல்லக்கூடாது, வடிவு. விலையும் குறைவு. தடவிக்கொண்டே நின்றாள். அவளுக்கு வாங்கிக் கொடுத்துவிட்டால் போதும் என்று எனக்கு இருந்தது.

இவர் வாங்கிப் பார்த்தார். பூட்டைக் கையால் அமத்தினார். மறுபடி அமத்தினார். கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கினார்.

"மலர், இது வேண்டாம்."

"அண்ணை..."

"பொறு. கேள். இந்த ஸ்பிரிங் செத்துப்போச்சு. ஒரு பக்கம் விடுது, மற்றப் பக்கம் இறுகி நிக்குது. நீ விழேக்க இது கழராது. கால்தான் கழரும்."

விற்பனைக்கு நின்ற கிழவரும் வந்து பார்த்தார். ஒத்துக்கொண்டார். இவ்வளவு பழைய பூட்டை எந்தக் கடையும் இனித் தொடாது என்று சொல்லி விலைத் துண்டைக் கிழித்துவிட்டார். பிறகு தானாகவே சொன்னார்: பழகுகிறவர் முதலில் வாங்க வேண்டியது பூட்ஸ். கால் ஆளுக்கு ஆள் வேறு. ஸ்கீயை வாடகைக்கு எடுங்கள், எந்த நீளம் சரி என்று கால் சொல்லும், பிறகு வாங்குங்கள்.

"மனுசன் சரியாச் சொல்லுது," என்றார் இவர். ஏதோ தானே கண்டுபிடித்த மாதிரி.

வெறுங்கையோடு வந்தோம். மலருக்கு நீலச் சோடி மனதில். காரில் இவர் கண்ணாடியால் பின்னுக்குப் பார்த்தார். "வாற கிழமை அந்தத் தாளில இருந்த கடைக்குப் போவம். பூட்ஸ் பாக்க."

மலர் பின் சீற்றிலிருந்து முன்னுக்குச் சாய்ந்தாள். "சரி அண்ணை."

பெப்ரவரி 27, சனி

கரைகிறது. றோட்டெல்லாம் சேறு. பனி கரைக்க றோட்டில் போட்ட உப்பு என் சப்பாத்தில் வெள்ளையாக.

கடையில் ஒரு பெண்பிள்ளை மலரை நிற்கச் சொல்லிக் காலை அளந்தாள். பாதம் சின்னது, அகலம். இதுவரை போட்டதெல்லாம் இரண்டு அளவு பெரிதாம். முதல் சோடி சரியில்லை. இரண்டாவது விரலில் இடித்தது. மூன்றாவது, பின்பக்கம் திறந்து கால் நுழைக்கும் வகை, சாம்பல் நிறம். கடைப்பெண் வேறு ஆளிடம் போய்விட்டாள்.

அப்போது இவர் கீழே முழங்காலில் இருந்தார். அந்த ஈரத் தரையில். பூட்ஸின் பின்பக்கக் கொளுவியை ஒவ்வொரு பல்லாக இறுக்கினார்.

"முழங்காலை மடக்கு. குதிக்கால் எழும்புதோ?"

"இல்லை."

"விரல்?"

"தொட்டும் தொடாமலும்."

"நோகுதோ? உண்மையைச் சொல். முந்தின மாதிரி மறைச்சுப்போட்டு இரத்தத்தோட வராதை."

மலர் கீழே பார்த்தாள். அண்ணனின் தலையில் நரை. அழப்போகிறாள் என்று நினைத்தேன். சிரித்தாள். "நோகேல்லை அண்ணை. நல்லா இருக்கு."

கடைப்பெண் திரும்பி வந்து, ஸ்கீயும் சேர்த்து எடுத்தால் மலிவு என்றாள். இவர் வாயைத் திறந்தார். (வாங்கச் சொல்லத்தான், எனக்குத் தெரியும்.) மலர் முந்திக்கொண்டாள். "இப்ப வேண்டாம். இந்த வருசம் வாடகைக்கு எடுத்து நல்லாப் பழகிறன். நீளமானது அடுத்த வின்ரருக்கு வாங்குவன்."

அடுத்த வின்ரர். சாதாரணமாகச் சொல்லிவிட்டு காசு கொடுக்கப் போய்விட்டாள். நானும் இவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அவள் வாயில் இந்தப் பதினைந்து மாதத்தில் "அடுத்த கிழமை" கூடக் கேட்டதில்லை.

பூட்ஸ் பெட்டியைக் காரின் டிக்கிக்குள் வைக்க விடவில்லை. மடியில்.

மார்ச் 2, புதன்

நிர்மி சொல்லித்தான் தெரியும். மாமி லாச்சி இரண்டையும் உடுப்பால் நிரப்பிவிட்டாளாம். பூட்ஸை வைக்கச் சூட்கேஸ் வேண்டுமாம்.

கேட்டதில் அடுப்பை மறந்தேன். பருப்பு அடிப்பிடித்துவிட்டது.

மார்ச் 8, செவ்வாய்

இருட்டு வானம். வழக்கறிஞர் கந்தோரிலிருந்து போன். இன்னும் திகதி இல்லை, கோடைக்குப் பிறகு இருக்கலாம். மலர் கேட்டுக்கொண்டு, "சரி," என்றாள். இறைச்சி வெட்டிக்கொண்டிருந்தவள் தொடர்ந்து வெட்டினாள். இவர்தான் அறைக்கும் குசினிக்கும் நடந்தார்.

பிறகு மலர்: "அண்ணை, 19ஆம் திகதியோட மலை பூட்டுகினம். அதுக்கு முதல் ஒருக்காப் போவமோ?"

"போவம்."

"அண்ணியும் இந்த முறை ஓட வேணும்."

எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். எனக்கு நாற்பது வயது. இடுப்பில் பிடிப்பு. சொன்னேன். ஒருவரும் காதில் விழுத்தவில்லை.

மார்ச் 19, சனி

வெயில். கோட்டே தேவையில்லை. மலையில் அங்கங்கே புல் தெரிகிறது.

வாடகைக் கொட்டிலில் எனக்கு முன்னால் மூன்று பேர்தான். நிறை கேட்டார்கள். குறைத்துச் சொன்னேன். இவர் பின்னால் நின்று, "சரியாச் சொல்லும், இல்லாட்டிப் பூட்டு பிழைச்சுப்போம்," என்றார். நிறை கேட்ட பெடியனுக்குத் தமிழ் விளங்காதது என் அதிர்ஷ்டம். திருத்திச் சொன்னேன்.

மலர் பெஞ்சில் உட்கார்ந்து தன் பூட்ஸைத் தானே போட்டாள். ஒரு நிமிடம். எழும்பிப் போய் வாடகை ஸ்கீ வாங்கி வந்தாள்.

அடிவாரத்தில் எனக்குப் படிப்பித்தாள். இப்படி ஒரு குரல் அவளிடம் இருப்பது எனக்குத் தெரியாது. "முழங்கால்! கீழை பாக்காதையுங்கோ! முன்னுக்குச் சாயுங்கோ! பயந்தா பின்னுக்குச் சாய்வீங்கள், அப்பதான் விழுவீங்கள்!" பக்கத்தில் பழகிக்கொண்டிருந்த இரண்டு சீனப் பிள்ளைகளும், பாஷை விளங்காமலே, முழங்காலை மடக்கினார்கள்.

ஏழு தரம் விழுந்தேன். எட்டாவது தரம் அடிவரைக்கும் வந்தேன். வேகம் ஆமை. ஆனால் நின்றபடி.

"இனி மேலை," என்றாள்.

கதிரை லிப்ட். கம்பியில் தொங்கும் கதிரை, நிற்காமல் சுற்றி வருகிறது. வந்து முழங்காலுக்குப் பின்னால் தட்டியது, இருந்துவிட்டேன், தரை போய்விட்டது. கீழே மரங்களின் தலை. இவரும் நிர்மியும் புள்ளியாக. மலர் காலை ஆட்டிக்கொண்டு பக்கத்தில். "எங்கட பள்ளிக்கூடத்துப் பிள்ளையளை இதில ஏத்தியிருந்தா கத்தியே மலையை உடைச்சிருப்பாளவை," என்றாள். முதல் தடவை அவர்களைப் பற்றிப் பேசினாள். இரண்டு பேரின் பெயரும் சொன்னாள். ஒருத்தி இப்போது ஜெர்மனியிலாம். கடிதம் போட வேண்டும் என்றாள்.

மேலே இறங்கும் இடம். "எழும்புங்கோ!" என்றாள். எழும்பினேன். இடது ஸ்கீ வலது ஸ்கீயின் மேல். முகம் குப்புற விழுந்தேன். மணி அடித்தது. லிப்ட் நின்றுவிட்டது. எனக்குப் பின்னால் வந்த கதிரைகள் அத்தனையும் அந்தரத்தில் ஆடிக்கொண்டு.

மலர் என்மேல் குனிந்து நிற்கிறாள். சிரித்துச் சிரித்து மூச்சு வாங்குகிறது. கண்ணால் தண்ணீர் ஓடுகிறது.

"எழும்புங்கோ அண்ணி. சனம் எல்லாம் ஆகாசத்தில தொங்கிக்கொண்டு நிக்குது."

அவள் கையைப் பிடித்து எழும்பினேன்.